ரெண்டு வால் பிளேனும் சிவப்பு நட்சத்திரமும்

இக்காஸ்ட், டென்மார்க்
ஞாயிறு, சபை முடிஞ்சு வந்து எழுதிறன்

கர்த்தருக்குள் அன்பான என்ரை பிள்ளை ஜெனுசனுக்கு,

உன்ரை சின்னம்மா யோகமலர் நல்ல சுகம். நீயும் நோர்வேயிலை, அந்தப் பேர்கன் மழைக்குள்ளை, தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க ஆண்டவர் கிருபை செய்யட்டும். கடிதத்தைக் கண்டு பயப்பிடாதை, ஒருதருக்கும் ஒண்டுமில்லை. வட்ஸ்அப்பிலை நான் அனுப்பிறதுக்கு ரெண்டு வருசமா ஒரு சரி அடையாளம்தான் விழுது. ரெண்டாவது சரி ஏன் விழேல்லை எண்டு எனக்கும் விளங்கும். அதுதான் பேனையை எடுத்தன். இஞ்சை தெருவிலை நிண்ட சிவப்புத் தபால்பெட்டியளையும் கழட்டிப்போட்டாங்கள், கடிதத்தை இனிக் கடையிலை கொண்டுபோய்க் குடுக்கவேணுமாம். உன்ரை விலாசம், உன்னோடை இப்பவும் கதைக்கிற யசிந்தா அக்கா தந்தவ. அவவைப் பேசாதை, நான்தான் கரைச்சல் குடுத்து வாங்கினது.

வயோதிபர் இல்லத்திலை வேலை அப்பிடியே போகுது. முழங்கால் நோவுதான், படி ஏறேக்கை ஒரு அல்லேலூயா, இறங்கேக்கை ஒரு அல்லேலூயா. நீ வைச்ச கறிவேப்பிலைக் கண்டு குளிருக்குச் செத்துப்போச்சு எண்டு நினைச்சன், இப்ப நாலு இலை விட்டிருக்கு.

சரி, சுத்தி வளைக்காமல் விசயத்துக்கு வாறன். நீ ஒட்டிச் செய்த விளையாட்டுப் பிளேனுகள்.

உன்ரை கட்டிலுக்கு மேலை ரெண்டையும் நூலிலை முகத்துக்கு முகம் பாக்கக் கட்டி வைச்சிருந்தாய். ரெண்டு வால் வைச்சது அமெரிக்கன், சிவப்பு நட்சத்திரம் போட்டது ரஷ்யன். ஒருநாள் புட்டுச் சாப்பிடேக்கை அந்தக் கதையை எனக்குச் சொன்னாய். ரெண்டு நாடும் ஒரே பக்கம் நிண்டு ஹிட்லரோடை அடிபட்ட காலமாம். நாப்பத்திநாலாம் ஆண்டு கார்த்திகை மாசம், சேர்பியாவிலை நிஸ் எண்ட ஊருக்கு மேலை, இந்த ரெண்டும் தங்களுக்குள்ளையே சுட்டுக்கொண்டதாம். எனக்குக் காதிலை விழுந்தது சுட்டது எண்ட சொல்லு மட்டும்தான். அது காத்தாடி பூட்டின பழைய பிளேன் சின்னம்மா, இப்ப ஆரும் ஓட்டிறேல்லை எண்டு சிரிச்சாய். ஊரிலை சண்டைக்குள்ளை எங்களுக்கு மேலை சுத்திச் சுத்திக் குண்டு போட்ட சியாமாசெட்டிப் பொம்பருக்கும் மூக்கிலை காத்தாடிதான் ராசா. நான் புட்டை அப்பிடியே மூடி வைச்சிட்டு எழும்பிப் போனன், ஞாபகமோ?

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திலை எழும்பி நிண்டன். பிள்ளைக்கு இருவத்தெட்டு வயசு, கலியாணம் எண்டா வாயே திறக்குதில்லை, யுத்த ஆவி பிடிச்சிருக்கு, பொம்பரைத் தலைக்கு மேலை கட்டிப்போட்டுப் படுக்குது எண்டு எல்லாருக்கும் முன்னாலை ஜெபக் குறிப்புச் சொல்லி அழுதன். அடுத்தநாள் நீக்கிலாஸ் பிரதரும் ரெண்டு சகோதரிமாரும் வீட்டைச் சுத்திகரிக்க வந்திச்சினம். கதவு நிலையிலை எண்ணெய் பூசி ஜெபிச்சம். பிரதர் கதிரையிலை ஏறி நிண்டு, நூல் முடிச்சு எட்டுதில்லை சிஸ்டர் எண்டார். கத்திரிக்கோல் எடுத்துக் குடுத்தது நான்தான். நூலை அறுத்து, போகேக்கை ரெண்டு பிளேனையும் பிளாஸ்டிக் குப்பை போடுற இடத்திலை போட்டிட்டுப் போனவர். பிறகு நானும் சகோதரிமாரும் இருந்து தேத்தண்ணி குடிச்சு றோல்ஸும் சாப்பிட்டம். அவ்வளவு சந்தோசம் எனக்கு அண்டைக்கு.

பிரெடெரிசியாவிலை வேலை முடிஞ்சு நீ றெயினாலை இறங்க, ஸ்டேசனிலை எங்கடை சபை ஆள் ஒருத்தர் தம்பி அந்த யுத்த ஆவியிலை இருந்து விடுதலை கிடைச்சுதோ எண்டு கேட்டவராம். இது எனக்குப் பிறகுதான் தெரியும். வந்தாய், அறைக்குள்ளை அண்ணாந்து நூல் ரெண்டையும் பாத்தாய். என்னைப் பாக்கேல்லை. சாப்பாடு போடட்டோ எண்டு கேட்டன். பசிக்கேல்லை எண்டாய், டெனிஸிலை. கொம்மா தேவமலர் செத்து, பதினொரு வயசிலை என்னட்டை வந்த நாள் தொட்டு என்னோடை தமிழிலை மட்டும் கதைச்ச பிள்ளை நீ. அந்த ஒரு சொல்லிலையே எனக்கு விளங்கியிருக்க வேணும். விளங்கேல்லை. பிசாசு போகேக்கை இப்பிடித்தான் முறைச்சுப்போட்டுப் போகும் எண்டு நினைச்சன். அடுத்த கிழமை நீதான் போனாய்.

போன மாசம் உன்ரை அலுமாரியை அரக்கித் துடைக்கேக்கை, பின்னாலை நீலக் கொப்பி ஒண்டு விழுந்து கிடந்தது. முழுக்க டெனிஸ். எனக்குத் தெரிஞ்ச டெனிஸ் படுக்கை மாத்தவும் மருந்து குடுக்கவும்தான் காணும். போன் கமராவைப் பிடிச்சா அது தமிழ் எண்டு ஏதோ காட்டுது, அரைவாசி விசர்க்கதை. பக்கம் பக்கமாய் நாலு கிழமை வாசிச்சன். கேட்டு வாசிக்கேல்லை, அதுவும் என்ரை பிழைதான்.

முதல் பக்கத்திலை, சின்னப்பிள்ளை எழுத்திலை இப்பிடி எழுதியிருக்கிறாய். பிளேன் சத்தம் கேட்டால் சின்னம்மா அடுப்பை நிப்பாட்டிப்போட்டு நடைக்குள்ளை போய் நிக்கிறா. எந்தச் சத்தம் எந்தப் பிளேன் எண்டு நான் படிச்சுச் சொன்னால் அவ பயப்பிடத் தேவையில்லை.

உண்மைதான் அப்பன். காறுப் விமானத்தளப் பக்கத்தாலை ஏதும் சத்தம் வரேக்கை, ஹோம்வேர்க்கிலை இருந்து தலை நிமித்தாமலே சொல்லுவாய், அது ஹெலி சின்னம்மா, ஆக்களைக் காப்பாத்திற ஹெலி எண்டு. பெடியன் கெட்டித்தனம் காட்டுறான் எண்டு நினைச்சுப்போட்டு நான் அடுப்பைத் திரும்ப மூட்டுவன்.

நிஸ் கதையையும் இப்பதான் முழுக்க வாசிச்சன். பாதை மாறி வந்த அமெரிக்கர், ரோட்டாலை போன ரஷ்யப் படையை எதிரி எண்டு நினைச்சுச் சுட்டவையாம். ரஷ்யப் பிளேனுகள் எழும்பித் திருப்பி அடிச்சதாம். ரெண்டு பக்கமும் ஆக்கள் செத்தது. கடைசியிலை ஒரு ரஷ்ய விமானி சுடாமல் கிட்டப் போய், செட்டையைச் சரிச்சு நட்சத்திரத்தைக் காட்டினவராம், அதோடைதான் நிண்டதாம். அப்பிடிச் சொல்லுகினம், உண்மையோ தெரியாது எண்டு கீழை எழுதியிருக்கிறாய். உண்மையாய் இருக்கட்டும் ராசா. அந்தப் பெடியனுக்காகவும் ஜெபிச்சன், செத்து எத்தினை வருசமோ.

ஆண்டவரிட்டை ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேக்கிறன். அவர் மன்னிச்சிருப்பார், அவற்றை சுபாவம் அது. ஆனால் அறுத்தது அவற்றை நூலை இல்லையே. உன்னட்டை நான் ஒருக்காலும் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன், மகன், என்னை மன்னி. இதைச் சபையிலை சாட்சியாச் சொல்லேல்லை. பாஸ்டருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும்தான்.

ஹேர்னிங் கடையிலை அதே ரெண்டு பிளேனின்ரை பெட்டியும் வாங்கி வைச்சிருக்கிறன். நட்சத்திரம் போட்டதை நானே ஒட்டப் பாத்து, விரல் ரெண்டும் ஒட்டுப்பட்டு வேலைக்கும் பிந்திப் போனன். ஒரு செட்டை பூட்டினன், கோணல்தான். ரெண்டு வால்காரனைத் தொடேல்லை. சீலிங்கிலை நூல் துண்டு ரெண்டும் அப்பிடியே தொங்குது. தூசி தட்டேக்கையும் நான் அதுகளிலை கை வைக்கிறேல்லை.

நேற்று மத்தியானம் ஏதோ ஒண்டு தாழப் பறந்து போச்சு. ஹெலிச் சத்தம் இல்லை. அடுப்பை நிப்பாட்டிப்போட்டு நடைக்குள்ளை போய் நிண்டன். கனநேரம் நிண்டன் அப்பன். அது என்ன எண்டு சொல்ல ஆளில்லை.

நீ இருக்கிற இடத்திலை ஆண்டவற்றை செட்டை உனக்கு நிழலாய் இருக்கட்டும். வரச்சொல்லிக் கேக்க எனக்கு வாய் வருகுதில்லை. அந்த ரெண்டாவது சரி மட்டும் ஒருநாளைக்கு விழட்டும்.

உன்னை வளர்த்த,
சின்னம்மா யோகமலர்