சரிபார்த்தவர்

அன்புள்ள ரப்பர் அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தில் அதை எழுத முடியவில்லை. நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணிக்கு இது ஏழாவது மாதம் என்று அம்மா சொன்னாள்.

நான் தூங்கிவிட்டதாக வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து அறையில் அப்பா புரண்டு படுக்கும்போதெல்லாம் பேனாவை மூடிவிடுகிறேன். வரிகள் அங்கங்கே கோணியிருந்தால் அதுதான் காரணம். உங்கள் முகவரியைத் தேடி எடுத்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்ததும் போட்ட கடிதத்தின் உறை அம்மாவின் தையல் டப்பாவில் இருந்தது.

நீங்கள் வேலையை விட்டுப் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன ஆறாவது மாதத்தில் நீங்களும் அப்பாவும் சேர்ந்து வேலை பார்த்த கம்பெனியின் புதுக் கட்டில்கள் ஆஸ்பத்திரிகளுக்குப் போயின. போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு தையல்காரர், வயிற்றில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பக்கக் கம்பியின் மேல் சாய்ந்திருக்கிறார். கம்பி திறந்துகொண்டது. அவருக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. இனி மிஷினை மிதிக்க முடியாதாம்.

காரணத்தை அப்பாவே கண்டுபிடித்தார். கதவுப் பூட்டின் நாக்கு ஒரு பக்கம் சரிவாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருக்குமே, அந்தக் கம்பியிலும் அப்படி ஒரு நாக்கு. தட்டைப் பக்கத்தில் எவ்வளவு தள்ளினாலும் நகராது. சரிவுப் பக்கத்தில் தள்ளினால் உள்ளே போய்விடும். அப்பா பஸ் சீட் கம்பெனியில் இருந்தபோது வரைந்த நாக்கை அப்படியே எடுத்து, அளவுகளை மட்டும் மாற்றி, கட்டிலுக்குப் போட்டிருந்தார். பஸ்ஸில் ஆள் சாய்வது ஒரு திசை, கட்டிலில் மறு திசை. கையால் தள்ளிப் பார்த்தபோது ஸ்பிரிங் தாங்கிவிட்டது. ஓர் ஆளின் முழுப் பாரத்தை அது தாங்கவில்லை. இப்போது மற்ற எல்லாக் கட்டில்களிலும் நாக்கைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு அப்பா சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டிராயிங்கில் தப்பைக் கண்டதும் ரப்பரை எடுத்துவிடுவீர்கள் என்று உங்களுக்கு அவர் வைத்த அந்தப் பெயரைச் சொல்லி, “ரப்பர் இருந்திருந்தா பார்த்த உடனே, சார், நாக்கு தப்பா பார்க்குதுன்னு கத்தியிருப்பான்” என்று அம்மாவிடம் சொன்னார். அதை நான் என் காதால் கேட்டேன். நீங்கள் இதை மட்டும் மறக்கக் கூடாது.

ஏனென்றால் இப்போது விசாரணை வைத்திருக்கிறார்கள். டிராயிங்கின் மூலையில் மூன்று கட்டங்கள் இருக்குமே, வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். வரைந்தவரே சரிபார்க்கக் கூடாது என்பது உங்கள் கம்பெனியின் கண்டிப்பான விதி. சரிபார்த்தவர் கட்டத்தில் உங்கள் இரண்டெழுத்துக் கையெழுத்து இருக்கிறது. அப்பா விசாரணையில், “நான் அவசரத்துல வரைஞ்சேன், சரிபார்க்க வேண்டியவன் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டான்” என்று சொல்லப் போகிறார்.

அண்ணா, அந்தக் கையெழுத்தைப் போட்டது நான்.

நீங்கள் போன மறுவாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திங்கட்கிழமை காலையில் டிராயிங் வேண்டும் என்று மேனேஜர் போனில் கத்திக்கொண்டே இருந்தார். சரிபார்க்க அங்கே வேறு ஆள் இல்லை. அப்பா அச்செடுத்த தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, என் கையில் மஞ்சள் பென்சிலைக் கொடுத்து, “கூட்டல் சரியா வருதான்னு மட்டும் பாரு, சரின்னா கோடு போடு” என்றார். நாற்பத்தாறு அளவுகள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை. நாக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்க எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் தெரிந்திருக்காது. அப்போது எட்டாம் வகுப்பு.

பிறகு கம்பெனியில் கொடுக்க வேண்டிய நல்ல தாளை எடுத்து வைத்து, உங்கள் பழைய டிராயிங் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, “இந்த மாதிரி போடு, என் கையெழுத்து அங்க எல்லாருக்கும் தெரியும்” என்றார். செய்தித்தாள் ஓரத்தில் மூன்று தடவை பழகிவிட்டுப் போட்டேன். கீழே நீங்கள் கடைசியாக வேலைக்கு வந்த வெள்ளிக்கிழமையின் தேதியைப் போடச் சொன்னார். போட்டேன். “பார்றா, நீயும் இன்ஜினியர் ஆயிட்ட” என்று தலையில் தட்டினார். அன்று முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை நினைத்தால் இப்போது என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

போன ஞாயிறு சாயங்காலம் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவும் அம்மாவும் சமையலறையில் பேசியதைக் கேட்டேன். அம்மா, “நாலு வருஷம் சனிக்கிழமை தவறாம இந்த வீட்டுல சாப்பிட்ட பிள்ளை. அவன் தலையில கட்டுறீங்களே, நாக்கு கூசலையா?” என்றாள். அப்பா, “அவன் கடல் தாண்டிப் போயிட்டான், அவனை யார் என்ன பண்ண முடியும்?” என்றார். அம்மா, “அவன் அங்க போனதே இந்தக் கம்பெனி குடுத்த சர்டிஃபிகேட்டை வெச்சுத்தான். இங்கேயிருந்து ஒரு லெட்டர் போனா அவன் வாயும் வயிறுமா இருக்கிறவளைக் கூட்டிக்கிட்டு எங்க போவான்?” என்றாள். அப்பா, “சரி. நான் வீட்டுல உட்கார்ந்துடறேன். நாற்பத்தொன்பது வயசுல எவன் எனக்கு ஒன்பதாவது வேலை குடுப்பான், நீயே சொல்லு” என்றார். அம்மா குழாயைத் திறந்துவிட்டாள். அதற்குமேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அம்மாவும் எதுவும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு இது எட்டாவது கம்பெனி. டேபிள் ஃபேன், தண்ணீர் பம்பு, பஸ் சீட்டு, குழந்தை வண்டி, கடை ஷட்டர், எடை மிஷின், இஸ்திரி மேசை, கட்டில். இதில் பாதி நான் பிறப்பதற்கு முன்னால். நாங்கள் பஸ்ஸில் ஏறினால் சீட்டை மடக்கிக் காட்டாமல் இறங்கமாட்டார். “கம்பெனிதான்மா வேற வேற, இரும்பு ஒண்ணுதான்” என்பார். அம்மா, “ஊருக்கெல்லாம் கீல் போடுறவர், நம்ம குளியலறைக் கதவு மூணு மாசமா கயித்துல தொங்குது” என்று அடுத்த சீட்டுக்காரருக்குக் கேட்கும்படி சொல்லுவாள். எல்லோரும் சிரிப்போம். நீங்களும் ஒரு தடவை இருந்தீர்கள்.

பம்பு கம்பெனிக் கதையை உங்களிடமும் அப்பா சொல்லியிருப்பார். முதலாளி தகட்டின் கனத்தைக் குறைத்துவிட்டு, பம்பு வெடித்ததும் அப்பாதான் காரணம் என்று எழுதி அனுப்பினார். இரண்டு வருடம் யாரும் வேலை தரவில்லை. அம்மா செருப்புக் கடையில் நின்றாள். அந்த முதலாளியின் பெயரைச் சொன்னால் அப்பாவுக்கு இன்றைக்கும் முகம் கறுத்துவிடும். நேற்று அப்பா விசாரணைக்குச் சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். கதவிடுக்கில் பார்த்தேன். பயமாக இருந்தது. அந்த முதலாளியும் இப்படித்தான் ஒரு கண்ணாடி முன்னால் நின்றிருப்பார் என்று தோன்றியது.

என்னிடம் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “உன்னை யாரும் எதுவும் கேட்கமாட்டாங்க. கேட்டா தெரியாதுன்னு சொல்லு.” உண்மைதான் அண்ணா. யாரும் என்னைக் கேட்கவில்லை. அதனால்தான் நானாக எழுதுகிறேன்.

இத்துடன் இருக்கும் தாளைப் பத்திரமாக வையுங்கள். நான் மஞ்சள் கோடு போட்டது இந்தத் தாளில்தான். எங்கள் வீட்டில் என் நோட்டுகளுக்கெல்லாம் அப்பாவின் பழைய டிராயிங் தாளில்தான் அட்டை போடுவோம். இது என் போன வருடக் கணக்கு நோட்டின் அட்டை, வரைந்த பக்கம் உள்ளே இருந்தது. அப்பா அதை மறந்துவிட்டார். கீழ் ஓரத்தில் கம்ப்யூட்டர் தானாகப் போட்ட தேதியைப் பாருங்கள், பொடி எழுத்தில் இருக்கும். இருபத்து மூன்று. கம்பெனிக்குக் கொடுத்த நல்ல தாளில் அந்த ஓரத்தை அப்பா வெட்டிவிட்டார். நீங்கள் பதினேழாம் தேதியே விமானம் ஏறிவிட்டீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கும். வேறு பிரதி என்னிடம் இல்லை. தேவைப்பட்டால் என் பெயரையும் வகுப்பையும் எழுதிவிடுங்கள். தலைமையாசிரியை கூப்பிட்டுக் கேட்டாலும் நான்தான் என்று சொல்லுவேன். சொல்லுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் வந்து சேரப் பத்து நாளாகும். விசாரணைக்கு அதற்குப் பிறகும் எட்டு நாள் இருக்கும். உடனே தாளைப் படமெடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிவிடாதீர்கள். நான்கு நாள் மட்டும் பொறுங்கள். அப்பா மனசு மாறி உங்களுக்கு போன் செய்தாலும் செய்வார். என் கூட்டல் எல்லாம் சரியாக வருகிறது, அவர் செய்வாரா மாட்டாரா என்ற இந்தக் கணக்கு மட்டும் எனக்கு வரவில்லை. ஆனால் செய்தால், தயவுசெய்து முதல் மணியிலேயே எடுத்துவிடுங்கள். கோபத்தில் போனை அடிக்க விட்டுவிடாதீர்கள். அவர் இரண்டாவது தடவை கூப்பிடுகிற ஆள் இல்லை.

அண்ணிக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். குழந்தை உங்களைப் பார்த்துப் பயப்படாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் எழுத்தைத் தன் கையால் போட்ட தங்கை