துரையின் தூண்டில் ரீல்

18 டிசம்பர் 1931, வெள்ளி

துரையின் பழைய தூண்டில் ரீலை வீட்டில் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மாட்டினேன். தையல் மிஷின் எண்ணெய் தீர்ந்துபோயிருந்ததால் தேங்காய் எண்ணெய் விட்டேன். மத்தியானம் வெயிலில் துரை சுற்றிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு ஓடியது. என் வேலையை நிரந்தரமாக்க மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொல்லிவிட்டு, பெரிய துரையையும் அழைத்துக்கொண்டு காவிரிக்குக் கிளம்பினார். நாளை விடியற்காலையில் மீன்பிடிப்பாம்.

சற்றுமுன் என் மனைவி மேரி எண்ணெய் பாட்டிலோடு வந்தாள்.

"ஏங்க, பாப்பா தலைக்கு வைக்கலாம்னா ஒரு சொட்டு விழமாட்டேங்குது. குளிர்ல கட்டியாயிடுச்சு. அடுப்புகிட்ட வைக்கட்டுமா?"

பாட்டிலை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். இந்தக் குளிர் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தோன்றவில்லையே.

வை என்றேன். ஆற்றங்கரையில் இன்னும் குளிராக இருக்கும்.