நான் உனக்குப் படித்துக் காட்டிய மனு

அண்ணாத்த,

இன்று காலை அண்ணி வந்திருந்தார். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்தே நான் மனு அடிக்கிற கொட்டகைக்கு வந்து, டைப் மிஷின் பக்கத்தில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை வைத்தார். பிரிப்பதற்குள்ளேயே அந்த வாடை என்னை உன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. மாசம் ஒரு தடவை இந்தப் பொட்டலம் வருவது மட்டும் நிற்கவில்லை. "பாய்க்குக் குடுக்கறத நிறுத்தாதன்னு சொல்லிட்டுப் பூட்டாரு" என்கிறார் அண்ணி. ஏன் அப்படிச் சொல்லிவிட்டுப் போனாய்? அதற்குப் பதிலாக என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

பொட்டலம் சுற்றியிருந்த செய்தித்தாளைக் கசக்கிப் போடப் போனேன். கண்ணில் பட்டது. எங்கோ ஒரு நாட்டு அரசாங்கம், இன்னொரு நாட்டின் ராணுவப் படையையே பயங்கரவாத அமைப்பு என்று அறிவிக்க யோசிக்கிறதாம். கொடியும் சீருடையும் சர்க்கார் சம்பளமும் உள்ள படையை அப்படிச் சொல்லலாமா, கூடாதா என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் இரண்டு பக்கமும் எழுதியிருந்தார்கள்.

கசக்காமல் நீவி வைத்தேன். இதே விஷயத்தை நாம் இரண்டு பேரும் இதே தகரக் கொட்டகையில் என்றைக்கோ பேசிவிட்டோமே அண்ணாத்த.

நீ முதன்முதலில் என்னிடம் வந்தது குப்பத்து வழிக்காக. ஓட்டல் கட்டுகிறேன் என்று ஒருவன் நீங்கள் கடலுக்குப் போகிற பாதையை வேலி போட்டு அடைத்திருந்தான். நான் அடித்துக் கொடுத்த மனுவுக்கு இரண்டே மாதத்தில் வேலி பிடுங்கப்பட்டது. அன்றிலிருந்து மாமல்லபுரத்துக் கரையில் யாருக்கு என்ன தொல்லை என்றாலும், "பாய்கிட்ட போ. அவரு அடிச்சா ஆபீஸுல பேப்பரு நவுரும்" என்று அனுப்பி வைப்பாய். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. என் மனுக்கள் நகரும். ஏன் தெரியுமா? பெரிய இடத்தை நேராகச் சுட்டிக் குற்றம் சொல்ல மாட்டேன். 'அடித்தார்' என்று எழுத மாட்டேன், 'தாக்கப்பட்டார்' என்று எழுதுவேன். யார் என்பதை விட்டுவிட்டால் யாருக்கும் கோபம் வராது. இதுதான் நான் கற்ற தொழில்.

உன் மகன் சேகர் தெற்கே விசைப்படகில் வேலைக்குப் போயிருந்தான். தங்கச்சி கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவனை, கழுத்தில் ஓட்டையோடு ஐஸ் பெட்டியில் கொண்டு வந்தார்கள். இருபத்திரண்டு வயது. முப்பது நாள் காரியம் முடிந்த மறுநாள் நீ என் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாய். நான் வாங்கி வைத்த டீ ஆடை கட்டியது. நீ தொடவில்லை.

"பகல் பத்து மணி பாய். சாம்பல் கலரு கப்பலு. கொடி பறந்துகினு இருந்துச்சி. யூனிபாரம் போட்டுகினு நின்னு, குறி பாத்து சுட்டுகிறான். கூட இருந்த மூணு பேரும் பாத்துகிறாங்க. அது பக்கத்து நாட்டு நேவி. நேவி சுட்டுச்சின்னு மட்டும் போடாத. இது பயங்கரவாதம், அவங்க பயங்கரவாதிங்க, நம்ம சர்க்காரு அவங்கள அப்படித்தான் கூப்டணும்னு போடு."

நான் வழக்கம்போல நியாயம் பேசினேன். "அண்ணாத்த, அது ஒரு நாட்டோட படை. அத அப்படிச் சொல்லிட்டா அப்புறம் யாரு யார்கிட்ட பேசுவாங்க? அவங்க ஜெயில்ல நம்ம புள்ளைங்க எத்தினி பேரு கிறாங்க. அவங்கள யாரு வுடுவாங்க?"

உன் மச்சினன் மகனும் அந்த ஜெயிலில்தான் இருந்தான். நீ மெதுவாகச் சொன்னாய்: "நீ சொல்றதும் கரீட்டுதான். ஆனா பேரு வெச்சாதான பாய் கேஸு? பேரே இல்லாத கொலைய எவன் மேல போடுவ? காக்கா கொத்திட்டுப் போச்சின்னு எழுதுவியா?"

இன்றைக்கு வரைக்கும் இந்த இரண்டில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. பேர் வைத்தால் பேச்சு நின்றுவிடும் என்பதும் நிஜம்தான். பேர் வைக்காவிட்டால் நடந்ததே நடக்காததாகிவிடும் என்பதும் நிஜம்தான். ஆனால் அன்றைக்கு நான் நிறுத்துப் பார்த்து முடிவெடுக்கவில்லை. எனக்குப் பயம். அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் எங்கெங்கோ குண்டு வெடித்திருந்தது. மஃப்டியில் இரண்டு பேர் வந்து, என் பெயர், என் வாப்பா பெயர், வெளியூரில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, மிஷினில் சொருகியிருந்த காகிதத்தை உருவிப் படித்துவிட்டுப் போனார்கள். அது ஒரு விதவைப் பென்ஷன் மனு. அப்படியும் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மிஷினில், என் கையால், 'பயங்கரவாதி' என்ற சொல்லை அடிப்பதா? அடியில் என் முத்திரை வேறு விழும். அதை உன்னிடம் சொல்லத் துணிவில்லாமல் சட்டம் பேசினேன்.

பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு, கார்பன் வைத்து அடிக்க ஆரம்பித்தேன். 'மேற்படி படகில் இருந்த என் மகன், கடலில் அடையாளம் தெரியாத நபர்களால் சுடப்பட்டு இறந்தான்.' விரல் தன்னால் போயிற்று. உனக்குப் படிக்கத் தெரியாது. "படிச்சிக் காமி பாய்" என்றாய். காகிதத்தைக் கண் முன்னால் பிடித்துக்கொண்டு, நீ சொன்னபடியே படித்தேன். நேவி என்றேன். பயங்கரவாதம் என்றேன். குரல்கூடப் பிசகவில்லை. நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாய். முடிந்ததும் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது போதும் பாய். என் புள்ளைய யாரு கொன்னாங்கன்னு ஒரு பேப்பருலயாவது கீது" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாய்.

அந்த நிமிஷத்தில் நான் அதைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். பாவி, உறையில் போட்டு ஒட்டினேன்.

ஒரு வருஷம் கழித்துப் பதில் வந்தது. அதையும் என்னிடம்தான் கொண்டுவந்தாய். 'சுட்டவர்கள் அடையாளம் தெரியாத நபர்கள் என்று மனுதாரரே குறிப்பிட்டுள்ளார். எனவே இது பயங்கரவாதக் குழுக்களுக்கு இடையிலான மோதலாக இருக்கலாம். இறந்தவருக்கு அவர்களோடு இருந்த தொடர்பு குறித்து விசாரிக்கப்படும்.' நான் அடிக்கப் பயந்த சொல்லை அவர்கள் சுலபமாக அடித்திருந்தார்கள். சுட்டவன் மேல் இல்லை, செத்தவன் மேல். படை வைத்திருப்பவன் மேல் ஒட்டாத பேர் வலை வைத்திருப்பவன் மேல் எப்படித்தான் உடனே ஒட்டிக்கொள்கிறதோ!

"இன்னா போட்டுகீது?" என்று கேட்டாய்.

"பரிசீலனையில் இருக்காம் அண்ணாத்த" என்றேன்.

அடுத்த வாரம் விசாரணைக்கு உன் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். உன்னை ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்து, உன் மனுவை உனக்கே படித்துக் காட்டினார்கள். சேகர் செத்ததால் மகள் கல்யாணத்தைத் தள்ளி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், தீவிரவாதி வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பினார்கள். சேகருக்கு அக்கரையில் ஒரு ஆளையும் தெரியாது. கரையில் கிரிக்கெட் ஆடினான், வலை இழுத்தான், செத்தான்.

மறுநாள் நீ வந்தாய். கத்துவாய், சட்டையைப் பிடிப்பாய் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்தாய்.

"நீ படிச்சது வேற, நான் கைநாட்டு வெச்சது வேறயா பாய்?"

நான் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பயந்துட்ட. தெரியுது. உன் பயம் எனக்குப் புரியாதா? வாயத் தொறந்து சொல்லியிருந்தா நான் வேற ஆள்கிட்ட போயிருப்பேனே."

அவ்வளவுதான் சொன்னாய். அதற்குப் பிறகும் செங்கல்பட்டுக்கு வந்தால் என் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டுத்தான் போனாய். நோன்புக்கு வஞ்சிரம் கொண்டுவந்தாய். கடலுக்குப் போவதை மட்டும் விட்டுவிட்டாய். திருத்தி வேறு மனு போடுவோம் என்று நான் எத்தனை தடவை சொன்னேன்! "முதல்ல குடுத்ததுதான் பாய் அவங்களுக்கு வேதம்" என்றாய். நீ சொன்னதே நடந்தது. வற்புறுத்திக் கைநாட்டு வாங்கி நான் போட்ட மூன்று திருத்த மனுக்களுக்கும் முதல் மனுவைக் காட்டியே பதில் வந்தது. பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நீயும் இருமி இருமி ஒடுங்கிப் போய்ச் சேர்ந்தாய்.

நான் செய்ததை அண்ணியிடம் நீ சொல்லவே இல்லை என்பது இன்றைக்குத்தான் நிச்சயமாயிற்று. நான் அந்தச் செய்தித்தாளையே வெறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, என்ன செய்தி என்று கேட்டார். சொன்னேன்.

"ஒரு நாட்டுப் படைக்கே அந்தப் பேரு வெக்கறாங்கன்னா, நம்ம சேகரு மேல வெச்ச பேர எடுக்க மாட்டாங்களா பாய்? இன்னொரு மனு அடி. நீ அடிச்சா நவுரும்னு அவரு சொல்லுவாரே."

என்ன சொல்ல? அந்தப் பேரை அவரவர் தோதுக்குத்தான் வைக்கிறார்கள் அண்ணி, நமக்கு யாரும் வைக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள் என்றா? காகிதத்தைச் சொருகினேன். எப்போதும் அனுப்புநர், பெறுநர் அடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். இன்று நேராக விஷயத்தை அடித்தேன். பகல் பத்து மணி, சாம்பல் நிறக் கப்பல், கொடி, சீருடை. நீ சொன்ன வார்த்தை ஒன்று விடாமல். அந்தச் சொல்லும்தான். அடித்ததையே படித்தும் காட்டினேன். அண்ணி உன்னைப் போலவே தலையைக் குனிந்து கேட்டார். கைநாட்டு வைத்துவிட்டு, "இன்னைக்கே தபால்ல போட்டுடுவியா பாய்?" என்றார்.

"இன்னைக்கே போட்டுடறேன் அண்ணி" என்றேன்.

திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது. தபால் ஆபீஸ் மூடியிருப்பார்கள். மனு மிஷினிலேயே இருக்கிறது. பெறுநர் என்று அடித்துவிட்டு அதன் கீழே யாரைப் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பேரை வைக்கவும் எடுக்கவும் ஒரு ஆபீஸ் இல்லாததாலா, பழைய பயமா, எனக்கே புரியவில்லை அண்ணாத்த. அடுத்த மாசம் அண்ணி கருவாட்டோடு வருவார். பதில் வந்துதா பாய் என்று கேட்பார். பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.