அம்மாவின் நம்பரில் ஒரு பூட்டு

ஒக்டோபர் 4, சனி

விடியற்காலையிலிருந்தே மழை. ஹட்டனுக்குப் போய் வந்தாயிற்று. பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில் கொண்டக்டர். முன்னால் போக இடமிருந்தால் போக மாட்டோமா.

வாங்கியவை: அப்பாவுக்கு இருமல் மருந்து, கருவாடு, குடைக்கு ஒரு கம்பி, டொக்.

டொக் என்பது சின்னக் கறுப்புப் பெட்டி. மேலே ஒரு வாய். செத்துப்போன என் லெப்டொப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை அதில் நிறுத்திச் செருக வேண்டும். முன்பக்கம் நம்பர் பட்டன்கள். சரியான நம்பர் என்றால் பச்சை லைட், டிஸ்க் திறக்கும். பிழை என்றால் சிவப்பு. உள்ளே உள்ளதை யாரும் வாசிக்க முடியாதபடி கலக்கி வைத்துவிடுமாம். டிஸ்க்கைத் திருடிக்கொண்டு போனாலும் பிரயோசனமில்லை.

விற்றது சித்தப்பா மகன் ரொபின். "அக்கா, முதல்ல ஃபோமட் பண்ணவான்னு கேக்கும். அதுக்கு முந்தி உள்ள உள்ளத வேற எடத்துல கொப்பி எடுத்து வச்சிருங்க. அப்புறம், பத்து வாட்டி பிழையா அமுத்துனா அதுவே எல்லாத்தையும் அழிச்சிரும். வெளையாட்டு இல்ல." பிறகு சிரித்துக்கொண்டு, "யாருக்குப் பயந்து இம்புட்டு பூட்டு?"

தம்பி அந்தோனிக்குத்தான். போன வருடம் அம்மாவைச் சவப்பெட்டியில் வைத்திருந்தபோது யாரோ எடுத்த வீடியோவுக்குச் சோகப் பாட்டுச் சேர்த்து, கட்டாரில் உட்கார்ந்துகொண்டு ஃபேஸ்புக்கில் போட்டவன். முன்பின் தெரியாதவர்களெல்லாம் கீழே அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள். நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா உயிரோடு பேசும் வீடியோக்கள் என்னிடம் மட்டும்தான். அவற்றை எவனும் தொடக் கூடாது.

ஒக்டோபர் 5, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் இதே வேலை. பள்ளிக்கூட லெப்டொப்புக்குக் கொப்பி. டிஸ்க் ஃபோமட். திரும்ப டிஸ்க்குக்கு. பிறகு பள்ளிக்கூட லெப்டொப்பில் இருந்ததை அழித்தேன். அது எல்லோர் கையும் படுகிற சாமான். ஆக, உலகத்தில் இப்போது ஒரே ஒரு பிரதி.

நம்பர் ஆறு இலக்கம் வேண்டும் என்றது. அம்மாவின் செக்ரோல் நம்பர், தோட்டத்துப் பேரேட்டில் அவளுக்கிருந்த நம்பர், மூன்று இலக்கம். இரண்டு முறை போட்டேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மா தன் நம்பரை எப்போதும் இரண்டு தடவை சொல்வாள், கணக்கப்பிள்ளை மேல் நம்பிக்கை இல்லாமல். வெளியாள் எவன் கண்டுபிடிப்பான்? என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

டொக்கை டிவியில் செருகி அப்பாவுக்குக் காட்டினேன். திரையில் அம்மா கொடியில் துணி போட்டுக்கொண்டே, "என்னத்தடி புடிக்கிற? இதெல்லாம் ஒரு மூஞ்சியா?" அப்பாவுக்குக் காது மந்தம். சத்தத்தைக் கூட்டச் சொன்னார். நம்பர் அமுத்தியதிலிருந்து என் கையையும் ரிமோட்டையுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தோனியின் கோல். "அம்மா வீடியோவ அனுப்ப வேணாம். கல்லறைத் திருநாளன்னைக்கு ஒரு வாட்டி ஃபோன்ல கேக்க வை. அது போதும் அக்கா." கெஞ்சினான். சரி என்றேன். கேட்க மட்டும்.

ஒக்டோபர் 8, புதன்

பனி. மத்தியானமே லைட் போட வேண்டியிருந்தது. நான் படிப்பிக்கிற ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேருக்குத் தடிமன்.

பள்ளி விட்டு வரும்போது பைப்படியில் பாக்கியம் அக்கா. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பரா. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

"ஏம் புள்ள, பகல்ல அம்மா பேசுனாங்களே. மேரியக்கா குரல் அப்புடியே. 'பாக்கியம், உப்பு இருக்கா'ன்னு கேட்டாங்க. நான் கரண்டிய வச்சிட்டு எந்திரிச்சிட்டேன். அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு."

டிவி என்றேன். ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். டொக்கைப் பூட்டிவிட்டுத்தான் போனேன்.

வந்து பார்த்தால் பச்சை லைட். டிஸ்க்கைத் தொட்டேன். சூடு.

ஒக்டோபர் 11, சனி

எல்லா வீடியோவையும் முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். ஜெபமாலை சொல்வது. ஈர விறகுக்காக அப்பாவை ஏசுவது. அந்தோனி பிளேன் ஏறிய நாள் அழுதது. என் கலியாணப் பேச்சு முறிந்ததும், "போகட்டும் விடு, அவன் மூக்கும் அவனும்."

உப்பு எதிலும் இல்லை. பாக்கியம் அக்காவின் பெயரும் இல்லை. இன்னொரு தடவை பார்த்தேன். இல்லை.

அப்பாவிடம் கேட்டேன். "பகல்ல யாரும் வந்தாங்களா?"

"யாரு வரப்போறா. நம்ம ஆளுகதான்."

அதற்கு மேல் இருமல். சட்டி கழுவ மறந்து படுத்துவிட்டேன்.

ஒக்டோபர் 13, திங்கள்

காலையில் பூட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் பச்சை. ஜன்னல் கொக்கி போட்டபடி இருக்கிறது. ஒரு சாமான் அசையவில்லை. அம்மா மழைக்கும் குளிருக்கும் போர்த்திய கொங்காணி மட்டும் ஆணியில் இல்லை, நாற்காலி முதுகில் கிடக்கிறது. அப்பாவுக்குக் குளிர்ந்திருக்கும். கேட்கவில்லை.

பயம்தான். எழுதினால் குறையும் என்று எழுதுகிறேன், குறையவில்லை.

நம்பரை மாற்றிவிட்டேன். அம்மாவுக்குச் சம்பந்தமில்லாத நம்பர். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும்.

ஒக்டோபர் 15, புதன்

எப்படி எழுதுவது.

மூன்று மணிக்கு வந்தேன். டிவி நீலமாக எரிகிறது. அப்பா அதன் முன்னால் முழங்காலில். டொக்கில் சிவப்பு விட்டுவிட்டு எரிகிறது. அவர் விரல் இன்னும் பட்டனில்.

"எடுக்க மாட்டேங்குது புள்ள. அவ சொல்ற மாதிரி ரெண்டு ரெண்டு வாட்டி, பத்துத் தரத்துக்கு மேல போட்டுப் பாத்துட்டேன்."

அப்பா முப்பது வருடம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குத் தூக்கியவர். மூட்டைக்கு மூட்டை அந்த நம்பரைக் கேட்டவர். எழுத்துத் தெரியாது, நம்பர் தெரியும். லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதைப் போய் ரகசியம் என்று பூட்டு போட்டேன், படித்த கழுதை.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே." பிறகு மெதுவாக, "அவ நம்பர வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களா?"

தோட்டத்தில் அப்படித்தான். ஆள் போனால் நம்பர் அடுத்த ஆளுக்கு. நான்தான் மாற்றினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

லீவு போட்டு ஹட்டனுக்கு. ரொபின் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சாவியே அழிஞ்சிருச்சுக்கா. உள்ள ஒன்னுமில்ல. கொழும்புக்குக் கொண்டு போனாலும் இதேதான் சொல்லுவாங்க. வேற கொப்பி?" இல்லை. வீடியோ எடுத்த பழைய ஃபோன்? பற்றரி வீங்கி எறிந்தாயிற்று.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அம்மா இரண்டாவது தடவை செத்த மாதிரி, இந்தத் தடவை என் கையால்.

ஒக்டோபர் 24, வெள்ளி

அப்பா ஒவ்வொரு மத்தியானமும் டிவியைப் போடுகிறாராம். டொக்கைக் கழற்றவிடுவதில்லை. நீலத் திரை. முன்னால் உட்கார்ந்து தலையை ஆட்டுகிறார். பாக்கியம் அக்கா சொன்னார்.

"வெறும் திரைதானேக்கா?"

பாக்கியம் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எனக்குத் திரையா தெரியுது? செவுருக்கு அந்தப் பக்கம் இருக்கேன். மேரியக்கா பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. நீ பள்ளிக்கூடம் போனதும்."

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

காலையில் கல்லறை. மெழுகுவர்த்தி நிற்கவில்லை, அவ்வளவு காற்று. நாலு மணிக்கு வீடு. மழை தகரத்தில் கொட்டுகிறது. அப்பா வழக்கம்போல் டிவி முன்னால். கொங்காணி தோளில்.

அந்தோனியின் கோல். எப்படியும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன். "தம்பி, ஒன்னு சொல்லணும். அந்த டிஸ்க்..."

"இரு அக்கா, பேசாத."

நின்றேன். அந்தப் பக்கம் விம்மல். "நல்லாக் கேக்குதுக்கா. கொஞ்சம் கிட்டக் கொண்டு போ."

நீலத் திரை. டொக்கில் லைட்டே இல்லை. அப்பா தலையை ஆட்டுகிறார். சுவருக்கு அப்பால் பாக்கியம் அக்கா கரண்டியை வைக்கும் சத்தம். ஃபோனை நீட்டிப் பிடித்தேன். எனக்கு மழை மட்டும் கேட்கிறது. எவ்வளவு உற்றுக் கேட்டும் மழை மட்டும்.

"அக்கா, ஒன்னயத்தான் கூப்புடுறாங்க. எவ்ளோ நேரமா கூப்புடுறாங்க. ஏன் பதில் சொல்ல மாட்டேங்குற?"