கூட்டத்திலை ரதி கேட்டது

செவ்வாய்க்கிழமை, இரவு

இண்டைக்கு மகள் ரதியைப் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். அவளைப்போல மூளை வளர்ச்சி பிந்தின ஆக்களும் அவையின்ரை வீட்டாக்களும் கதைக்கவெண்டு புதுசா ஒரு ஆலோசனைச் சபை தொடங்கியிருக்கினம். அதிலை அவளும் ஒரு உறுப்பினர். முப்பது வயது தாண்டியும் அவளுக்காகக் கதைக்கிறது நான்தான்.

"பிள்ளைக்கு என்ன தேவை, அம்மா?" எண்டு தலைவர் என்னைத்தான் கேட்டார். நான் வாய் திறக்க முந்தி ரதி என்ரை கையிலை தட்டினாள்.

"அம்மா, நீங்கள் வெளியிலை இருங்கோ. நான் கதைக்கிறன்."

ஒருத்தரும் சிரிக்கேல்லை. நான் எழும்பிப் போய் விறாந்தை வாங்கிலை இருந்தன். அவளின்ரை குரல் கேட்டது, சொல்லு விளங்கேல்லை. அவள் திக்கினால் நான் எடுத்துக் குடுக்கிறனான். உள்ளுக்கை ஆர் எடுத்துக் குடுத்தினமோ தெரியாது.

திரும்பி வரேக்கை பஸ்ஸிலை கேட்டன், "என்ன பிள்ளை கதைச்சனி?"

"அம்மா செத்தாப் பிறகு நான் ஆரோடை இருக்கிறது எண்டு கேட்டனான்."

யன்னலாலை பார்த்துக்கொண்டு சாதாரணமாய்ச் சொன்னாள். இந்தக் கதையை நான் அவளுக்கு முன்னாலை ஒருநாளும் எடுத்ததில்லை. அவள் அதை நினைக்கிறேல்லை எண்டுதான் இருந்தனான்.

"அவை என்ன சொன்னவை?"

"எழுதினவை."

எனக்கு அழுகைகூட வரேல்லை. வீட்டை வந்து சோறு போட்டுக் குடுத்தன். சாப்பிட்டு முடிய, அடுத்த கூட்டத்துக்குத் தான் தனியப் போகட்டோ எண்டு கேட்டாள். ஓம் எண்டிட்டன். எந்த பஸ், எங்கை இறங்கிறது எண்டு நாளைக்குக் காட்டிக் குடுக்கவேணும்.