குளிர் அறையில் ஒரு விரல் போராட்டம்

அம்மாவுக்கும் அம்மாவின் ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனியாக வணக்கம். நான் நலம். கோபம்தான் இன்னும் இறங்கவில்லை.

பழம் அடுக்கும் குளிர் அறையில் என் பக்கத்தில் நிற்கிற அக்காவுக்கும் உன்னைப் போல முடக்குவாதம். மாத்திரையோடு, ரத்தம் நன்றாக ஓட விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்கு எங்கள் சூப்பர்வைசர், "என்ன, டான்ஸ் ஆடுறியா? இன்னொரு தடவ பாத்தா வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்கிறார். அவர் மட்டும் வெளியே தன் அறையில் ஹீட்டர் முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

நேற்று அவர் உள்ளே வந்ததும் விசிலடித்தேன். பேசி வைத்தபடி, அறையில் இருந்த பதினாலு பேரும் ஒன்றாக விரல்களை மடக்கி நீட்டினோம். "எத்தன பேர சார் அனுப்புவீங்க?" என்றேன். மனுஷனுக்கு மூஞ்சியெல்லாம் ரத்த ஓட்டம்! இப்போது அக்காவுக்கு மணிக்கு ஐந்து நிமிஷம் ஹீட்டர் பக்கத்தில் இடம். எனக்கு ஒரு வாரம் கக்கூஸ் கழுவும் வேலை. கவலைப்படாதே, அங்கே வெந்நீர் வருகிறது.

அக்காவுக்குக் கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்பு. போன கடிதம் தங்கச்சி கையெழுத்தில் இருந்தது. "அம்மாவுக்கு வேலை அதிகம்" என்று புளுகியிருக்கிறாள். எனக்கே காது குத்துகிறீர்களா? கோணல்மாணலாக இருந்தாலும் சரி, ரெண்டு வரி நீயே எழுது.

மணி அடித்துவிட்டது.

உன் வாலு