வெட்டுப்பட்ட பாட்டுகளின் கச்சேரி

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நான் மட்டும் மூன்று நாளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறேன். அதை உன்னிடம்தான் கொட்ட வேண்டும்.

நம் நாடகக் குழுவின் தச்சருக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆனதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அவருடைய வைத்தியத்துக்காக ஞாயிற்றுக்கிழமை ஒரு கச்சேரி வைத்தோம். நாங்கள் போட்ட இசை நாடகங்களிலிருந்து அரங்கேற்றத்துக்கு முன்பே வெட்டிய பாட்டுகளை மட்டும் பாடுவது என்று ஏற்பாடு. படிக்கட்டில்கூட உட்கார இடமில்லை. கீபோர்டு வழக்கம்போல நான்தான்.

ஏழாவதாக உன் பாட்டு. ஒத்திகையில் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் நீ பாடியதை, ஒரு புதுப் பெண்ணுக்காக நாலரைக்கு இறக்கியிருந்தோம். பாவம், அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

கோபமெல்லாம் நம் இயக்குநர்மேல். ஒவ்வொரு பாட்டும் ஏன் வெட்டுப்பட்டது என்று கதை சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர், உன் பாட்டு வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "அப்போ பாட வேண்டிய பொண்ணுக்குக் குரல் எட்டல. மனசில்லாமத்தான் எடுத்தோம்" என்று வாய் கூசாமல் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் உன்னிடம் சொன்ன அதே பொய். இப்போது ஊரே கேட்க, மைக்கில்! என்ன நெஞ்சழுத்தம் பார்!

நான் வாசிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆரம்பிக்கச் சொல்லிப் பல்லைக் கடித்தார். சொன்னதைத் திருத்தினால் ஆரம்பிக்கிறேன் என்றேன்.

அதற்குள் முன்வரிசையிலிருந்து தச்சர் ஊன்றுகோலோடு எழுந்துவிட்டார். "திரைக்குப் பின்னாடி நாங்க வீட்டு செட்டைப் பிரிச்சுத் தெரு செட்டை நிறுத்துற மூணு நிமிஷத்தை ஓட்டறதுக்குப் போட்ட பாட்டுய்யா அது. நான் எல்லாத்துக்கும் சக்கரம் மாட்டினேன், அரை நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. பாட்டு வேணாம்னு ஆயிடுச்சு. அவ குரலுக்கு என்ன கேடு?" என்று கேட்டார். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது. இயக்குநர் மென்று விழுங்கி, ஞாபகப் பிசகு என்றார். பிசகாம்! சக்கரத்துக்காக எடுத்தேன் என்றால் நீ சண்டைக்கு வருவாய், குரல் என்றால் வாயடைத்துப் போவாய் என்று தெரிந்தே சொன்ன மனிதர். பிறகுதான் வாசித்தேன்.

கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தச்சர் மெல்ல நடந்து வந்தார். பாராட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "அவகிட்ட இப்படிச் சொல்லியிருக்காங்கன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். உனக்கு?" என்றார். அன்றைக்கே தெரியும் என்றேன். அவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

ஆமாம். ஒத்திகையில் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தபோது கடிகாரத்தைப் பிடித்து நேரம் சொன்னதே நான்தான். நீ சாப்பிடாமல் அழுது கிடந்த வாரம் முழுவதும், எங்கே என் வேலையும் போய்விடுமோ என்று பக்கத்து அறையில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த இயக்குநராவது அந்நியன். நான் யார் உனக்கு?

என்னை மன்னிக்க வேண்டாம். வாய்க்கு வந்தபடி திட்டு, நியாயம்தான். உன் பிள்ளைகள் நீ பாடிக் கேட்டதே இல்லை என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். உன் குரலில் ஒரு குறையும் இருந்ததில்லை. அவர்களை உட்கார வைத்து ஒரு தரம் பாடு, அம்மா.

உன் நலத்தைத் தவிர வேறெதுவும் கேட்க வாயில்லாத,
அக்கா